வெறும் வயிற்றோடு வரவும்

பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் பல்லில் படக்கூடாது என்று மருத்துவமனையிலிருந்து முந்தின நாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டார்கள். ஜம்ஷீத் இரண்டாவது முறையும் முதல் முறையைப் போலவே கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு குளிர்பெட்டியில் இருந்த தயிரையும், மேசைமேல் இருந்த பேரீச்சையையும் எடுத்து, கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஃபரங்கீஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன பூனையா? குதிச்சு எடுக்கறதுக்கு?"

"மறதியா வாயில போட்டுட்டா?"

"மறதியாப் போடணும்னாலும் எழுந்து நடக்கணுமே" என்றாள்.

ஃபரங்கீஸுக்கு எம்.எஸ். வந்து பதினாறு வருஷமாகிவிட்டது. இஸ்பஹானில் இந்த இரண்டு எழுத்தைச் சொன்னால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டில் அது இருக்கிறது. நரம்பின் மேலுறையைத் தின்னும் வியாதி. முதலில் ஒரு கண் மங்கியது, தெளிந்தது. அப்புறம் இடது கால்; நடக்க நடைச்சட்டம் வந்தது. பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள், கரும்பலகைக்கு எதிரே நிற்க முடியாமல் வேலையை விட்டாள். கொஞ்ச காலமாக வார்த்தைகளும் நழுவ ஆரம்பித்திருந்தன. தேநீர் வடிகட்டியை "அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே, அது" என்பாள். கால் போனதற்கு அழாதவள் அதற்கு அழுதாள்.

ஜம்ஷீத் பயந்தது அந்த வார்த்தைகளுக்காகத்தான். அதனால்தான் டாக்டர் ரவ்ஷன் கொலஸ்ட்ரால் ஆய்வைப் பற்றிச் சொன்னபோது, வெள்ளத்தில் போகிறவர் கட்டையைப் பிடிப்பது போல அதைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினாள். ஃபரங்கீஸின் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு அதிகமாக இருக்கிறது. இந்த வியாதிக்காரர்களில் அப்படிக் கொழுப்பு ஏறியவர்களுக்கு மூளைக்குள் போகும் ரத்தமும் குறைவாக இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கொழுப்பை மாத்திரையால் இறக்கினால் ரத்த ஓட்டம் கூடுமா, அறிவு மங்குவது நிற்குமா? யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் ஆய்வு. இரண்டு வருஷம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, குழாய் மாதிரியான அந்த இயந்திரத்துக்குள் படுத்தால், தலைக்குள் எந்த இடத்துக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று அளந்துவிடுவார்கள்.

"நீங்க ஆத்துல அளக்கறீங்களே, அதே மாதிரிதான் ஐயா" என்றாள் டாக்டரம்மா.

ஜம்ஷீத்துக்கு நீர்வள அலுவலகத்தில் வேலை. ஸாயந்தே ருத் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பாலத்தடியில் அளந்து எழுதுவது. நதி வறண்டு பல வருஷம் ஆயிற்று. எப்போதாவது மேலே அணையைத் திறந்தால் சில நாள் ஓடும். மற்ற நாளெல்லாம் படகுத்துறையில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஃபரங்கீஸ் காரில் சிரித்தாள். "ஆத்துல தண்ணி இல்ல. என் தலையில ரத்தம் இல்ல. பாவம், உங்களுக்கு அளக்கறதுக்குன்னே எழுதி வச்சிருக்கு."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அவளிடம் கேட்டார். எதையும் ஒரு தடவை கேட்டுவிட்டு விடுவது அந்த ஊரில் மரியாதை இல்லை. விருந்தாளிக்குத் தேநீர் வேண்டுமா என்பதைக்கூட மூன்று தடவை கேட்க வேண்டும். அவரும் முறைப்படி மூன்று தடவை கேட்டார்.

"சேர்ந்துக்கலாமா, ஃபரங்கீஸ்?"

"உங்க இஷ்டம்."

"என் இஷ்டம் இருக்கட்டும். உனக்கு?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"மனசாரச் சொல்றியா?"

அவள் ரொட்டித் துணுக்கை, விரித்திருந்த சாப்பாட்டுத் துணிக்குள் மடித்துவைத்தாள். "உங்க இஷ்டம்னு சொன்னேனே."

அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் எண்ணெய் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் கடைத்தெருவிலிருந்து பெர்யானி வாங்கிவருவது அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து நடந்துவந்தது. ஆட்டுக்கறியை அரைத்து, சின்னக் கரண்டிச் சட்டியில் வாட்டி, கொழுப்பில் தோய்ந்த ரொட்டியில் வைத்து, பச்சைத் துளசி தூவிக் கொடுப்பார்கள். அது நின்றுபோனது. அவித்த கோழி வந்தது. அவித்த பூசணி வந்தது. ஃபரங்கீஸ் சாப்பிட்டாள், தட்டில் பாதி மிச்சம் வைத்தாள்.

இதெல்லாம் பிடிக்காதவர் ஒருவர்தான். மாடி வீட்டு அக்தஸ் கானும். அந்த ஊரில் பெண்களை மரியாதையாக 'கானும்' என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபதைத் தாண்டிய விதவை. அவருடைய கணக்கில் உலகத்தில் இரண்டே வியாதிகள்: சூட்டு வியாதி, குளிர் வியாதி.

"என்ஜினியர் தம்பி, இது குளிர் வியாதி. குளிரை அவிச்ச பூசணி எடுக்குமா? ஆட்டு வால்கொழுப்புல வதக்கிக் கொடு. அக்ரூட்டும் தேனும் கொடு. சூடேறினா எழுந்து ஓடுவா."

"டாக்டர் கொழுப்பே கூடாதுன்னுட்டாங்க கானும்."

"அந்தப் பொண்ணு எத்தனை பிள்ளை பெத்தாளாம்?"

"கல்யாணமே ஆகலை."

"அதான்" என்று அக்தஸ் கானும் முடித்துவிட்டார்.

ஆய்வில் சேர்வதற்கான முதல் பரிசோதனை சபர் மாதத்தின் கடைசி வாரத்தில் வந்து விழுந்தது. துக்க மாதம். ஊரெல்லாம் கறுப்புத் துணி. இழுத்துக்கொண்டே போய், இதுதான் கடைசி வாய்ப்பு என்று ஆகிவிட்டது. அன்று மதியத்தோடு பெயர்ப் பட்டியலை மூடி டெஹ்ரானுக்கு அனுப்புகிறார்கள்.

காலையில் ஜம்ஷீத் அவளுக்கு மேலங்கி போட்டுவிட்டு, தலைத்துணியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. கதவைத் திறப்பதற்கு முன்பே லவங்கப்பட்டை வாசனை உள்ளே வந்துவிட்டது. கையில் ஆவி பறக்கும் கிண்ணத்தோடு அக்தஸ் கானும் நின்றிருந்தார். கோதுமையும் கறியும் விடிய விடியக் கிண்டி இழைந்த ஹலீம். மேலே சூடான எண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள். ஒவ்வொரு வருஷமும் சபர் மாதத்தில் அவர் போடும் நேர்ச்சை அது.

"போன வருஷம் வரைக்கும் என் மகனுக்காகப் போட்டேன். கனடா போனவன் போன் பண்றதோட சரி. இந்த வருஷம் உனக்காகப் போட்டிருக்கேன் ஃபரங்கீஸ் ஜான், என் கண்ணு. முதல் கிண்ணம் உனக்குத்தான்."

"அல்லாஹ் ஏத்துக்கட்டும் கானும்" என்றாள் ஃபரங்கீஸ். கண்ணை மூடிக்கொண்டு வாசனையை இழுத்தாள்.

ஜம்ஷீத் குறுக்கே போய் இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். நேர்ச்சைச் சோற்றை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. யாரும் சொன்னதில்லை. ஆனால் அப்போதே தின்ன வேண்டும் என்றும் இல்லை.

"வந்ததும் சாப்பிடுவா கானும். இன்னைக்கு ரத்தம் எடுக்கணும், வெறும் வயிறு."

"ஒரு வாய் வச்சா ரத்தம் ஓடியா போயிடும்?"

"வந்ததும்" என்று சொல்லி, கிண்ணத்தை அடுப்படிக்குக் கொண்டுபோய், தட்டு போட்டு மூடி, கதவையும் சாத்திவிட்டு வந்தார்.

கீழே காரை எடுக்கப் போனால், யாரோ குறுக்கே வண்டியை நிறுத்திவைத்திருந்தார்கள். அவனைத் தேடிப் பிடித்து, அவன் சட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, மன்னிப்புக் கேட்டு, இவர் பரவாயில்லை என்று சொல்லி, அவன் இல்லை இல்லை தப்பு என்னுடையதுதான் என்று சொல்லி எல்லாம் முடிவதற்கு நேரமாகிவிட்டது. மேலே வந்தபோது ஃபரங்கீஸ் விட்ட இடத்திலேயே, அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது. குளிர்காலம் தொடங்கிவிட்ட காலையில் என்ன வியர்வை என்று கேட்டிருக்கலாம். அவசரத்தில் கேட்கவில்லை.

மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் பெண் சின்ன வயசுக்காரி. ரப்பர் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க கானும்?"

"இன்னைக்குக் காலையில."

பட்டை நின்றது. "தண்ணிதானே?"

"ஹலீம். எண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள் எல்லாம் இருந்துச்சு. கிண்ணம் பூரா."

ஜம்ஷீத் திரும்பிப் பார்த்தார். ஃபரங்கீஸ் அவரைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த, இதயத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேர்ச்சையா?" என்றாள் அந்தப் பெண்.

"நேர்ச்சை."

"அப்ப எப்படி வேண்டாம்கறது" என்று அவளே சொல்லிக்கொண்டு, பட்டையை அவிழ்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

டாக்டர் ரவ்ஷன் வந்தாள். கேட்டாள். அவளும் முதலில் "அல்லாஹ் ஏத்துக்கட்டும்" என்றுதான் சொன்னாள். யாரும் கோபப்பட முடியாது, அதுதான் கொடுமை. பிறகு ஜம்ஷீத்திடம், "இப்ப எடுத்தா கொழுப்புக் கணக்கு தப்பா வரும் ஐயா. நாளைக்கு வரச் சொல்லலாம்னா பட்டியல் இன்னையோட சரி" என்றாள்.

அவர் டாக்டரம்மாவை வாசல்பக்கம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். கூட்டிப்போனதாக நினைத்தார். அந்த அறை அவ்வளவு பெரிதில்லை.

"டாக்டரம்மா, வெறும் வயிறுன்னு போட்டுடுங்க."

"ஐயா..."

"ஒரு கிண்ணம்தானே. முதல் தடவைதானே. அடுத்த தடவை நான் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன். அவ வார்த்தையெல்லாம் போய்க்கிட்டிருக்கு. நேத்து என் அக்கா பேரை மறந்துட்டா. நீங்க மனசு வச்சா..."

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள். எழுதிவிடுவாளோ என்றுகூடத் தோன்றியது. அவளுக்கும் ஃபரங்கீஸைப் பிடிக்கும்.

"ஜம்ஷீத்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆத்துல தண்ணி இல்லாதப்ப நீங்க என்ன எழுதினீங்க?"

அவர் திரும்பினார்.

"ஒரு பொடியன் வந்தானே உங்க ஆபீஸுக்கு. சைபர் சைபரா எழுதினா வேலையே செய்யாத மாதிரி இருக்கு சார், ஏதாவது ஒண்ணு போடுங்கன்னு கெஞ்சினானே. என்ன போட்டீங்க?"

"சைபர்."

"அவ்வளவுதான்" என்றாள்.

டாக்டர் ரவ்ஷன் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள். பிறகு நாற்காலியின் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள். "கானும், உங்களுக்கு இந்த ஆய்வுல சேரணும்னு விருப்பமா?"

"டாக்டரம்மா இஷ்டம்" என்றாள் ஃபரங்கீஸ்.

டாக்டரம்மா பேனாவை மூடி மேலங்கிப் பையில் செருகினாள். அவளுக்கு விளங்கிவிட்டது. மூன்று தடவை கேட்ட ஜம்ஷீத்துக்கு அப்போதுதான் அந்த வார்த்தை காதுக்குள் விழுந்தது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்தான். கடைக்காரன் "உங்களுக்குப் போய்க் காசா" என்றால் காசை எடுத்து நீட்டத் தெரிந்தவர்தான். சொந்த வீட்டில் சாப்பாட்டுத் துணிக்கு எதிரே உட்கார்ந்து சொன்னது மட்டும் தெரியாமல் போயிற்று.

திரும்பும் வழியில் பாலத்தருகே வந்ததும், "நிறுத்துங்க" என்றாள்.

கோதுமை விதைப்புக்காக அந்த வாரம் அணையைத் திறந்திருந்தார்கள். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வந்த சேதி கேட்டு ஊரே கரையில் நின்றது. கறுப்பு உடுத்தும் மாதம் என்பதால் பாட்டு இல்லை. ஆனாலும் பிள்ளைகள் காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஜம்ஷீத் காரைக் கரையோரமாக நிறுத்தி, அவள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார். பழக்கதோஷத்தில் அவர் கண், மிதந்துபோகும் ஒரு சருகைப் பிடித்துக்கொண்டு, ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு அது போகும் நேரத்தைக் கணக்குப் போட்டது.

"அளக்காதீங்க. பாருங்க" என்றாள்.

"நான் ஒண்ணும் அளக்கலை."

"உதடு அசையுது."

அவர் உதட்டை மூடிக்கொண்டார். பிறகு கேட்டார். "ஏன்?"

"அந்தக் குழாய்க்குள்ள நீங்க படுத்ததில்ல. முகத்து மேல கூண்டு மாட்டுவாங்க. அசையக்கூடாது. சத்தம் சம்மட்டியால அடிக்கிற மாதிரி இருக்கும். ஒண்ணுக்கு வந்தா அடக்கணும், என்னால அடக்க முடியாது, உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு வந்தா அப்புறம் நாள் கணக்குல படுக்கை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு வருஷம். கடைசியில நான் தின்னது மாவு மாத்திரைன்னு சொன்னாலும் சொல்வாங்க."

"மருந்தா இருந்தா?"

"மருந்தா இருந்தா இன்னும் கொஞ்ச நாள் வடிகட்டியை வடிகட்டின்னு சொல்லுவேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதுவே தெரியாதுன்னுதானே சொல்றாங்க. நான் வேதியியல் டீச்சர் ஜம்ஷீத். மத்தவங்க ஆய்வுல சேரட்டும், யாராவது போய்த்தான் ஆகணும். இதே வியாதியோட சின்ன வயசுப் பிள்ளைங்க இருக்கு. நான் களைச்சுப் போயிட்டேன். மிச்சம் இருக்கறதை அளந்து அளந்தே செலவழிக்க வேண்டாம்னு தோணுது."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன்ல? மூணு தடவை."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் தூண்களுக்கு நடுவே பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

"முழுசாச் சொன்னா நீங்க அழுவீங்க" என்றாள். "அக்தஸ் கானும் நேர்ச்சையை யாரும் குத்தம் சொல்ல முடியாது பாருங்க."

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்கவைத்துவிட்டு, அடுப்படிக்குப் போனார். சாத்திய கதவு திறந்திருந்தது. கிண்ணத்தை மூடிய தட்டு ஒருபக்கம் கிடந்தது. கிண்ணம் வழித்துத் தின்றது போலக் காலி. தரையில் கரண்டி விழுந்துகிடந்தது. குனிந்தால் எழ முடியாது என்று அவள் அதை எடுக்காமல் விட்டிருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சொட்டு ஹலீம். அதை மிதித்த நடைச்சட்டத்தின் ரப்பர்க் கால் அடுப்படியிலிருந்து கூடத்து நாற்காலிவரைக்கும், வட்டம் வட்டமாக, போகப் போக மங்கலாகத் தடம் வைத்திருந்தது. வசந்தத்தில் வந்த நவ்ரூஸ் புத்தாண்டுக்குப் பிறகு அவள் தனியாக அடுப்படிக்குப் போனதே இல்லை. கழிவறைக்கு அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போவாள்.

துணியை நனைத்துக்கொண்டு வந்தவர், தரையைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் அந்த வட்டங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு துடைத்தார். எறும்பு வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை பெர்யானி வாங்கிவந்தார். அவள் இரண்டு வாய் தின்றாள்.

"கறி முந்தி மாதிரி இல்ல."

"கடைக்காரன் இஸ்பஹான்காரன், கஞ்சத்தனம் கூடப் பிறந்தது. வருஷத்துக்கு வருஷம் கறியைக் குறைக்கிறான்."

"அவிச்ச பூசணியை விடத் தேவலை" என்றாள். துளசி இலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் மூன்று குளிர்காலம் இருந்தாள். வார்த்தைகள் போய்க்கொண்டுதான் இருந்தன. கடைசி வருஷம் வடிகட்டிக்குப் பெயரும் இல்லை, ஓட்டையும் இல்லை, கையை நீட்டிக் காட்டுவாள். அவர் பெயர் மட்டும் போகவில்லை. சில நாள் அதை எல்லாவற்றுக்கும் சொன்னாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஜம்ஷீத், விளக்கை அணைக்க வேண்டுமென்றாலும் ஜம்ஷீத். ஆய்வில் சேர்த்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்று அவர் நினைக்காத நாள் உண்டு என்று சொல்ல முடியாது. நினைப்பு வரும்போதெல்லாம் அந்த ரப்பர் வட்டங்கள் கூடவே வரும். அத்தோடு அடங்கிவிடும். கடைசியில் நெஞ்சுச் சளி கட்டி, ஒரு வாரத்தில் போனாள்.

நாற்பதாம் நாள் டாக்டர் ரவ்ஷன் வீட்டுக்கு வந்தாள். அக்தஸ் கானும் ஹல்வாவும் பேரீச்சையும் எடுத்துவந்து வைத்துவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். ஆள்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகும் டாக்டரம்மா போகவில்லை. தேநீர்க் கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அந்த ஆய்வு முடிஞ்சிடுச்சு" என்றாள். "முடிவு வந்திருக்கு. மருந்து வேலை செஞ்சதா இல்லையான்னு... நீங்க கேக்கணும்னு நினைச்சா சொல்றேன்."

அவர் ஃபரங்கீஸ் உட்காரும் நாற்காலியைப் பார்த்தார். அதன்மேல் யாரோ விருந்தாளிகளின் மேலங்கிகளைக் குவித்துவைத்திருந்தார்கள். ஒன்று மட்டும் இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தது. டாக்டரம்மாவினுடையது.

"உங்க இஷ்டம், டாக்டரம்மா" என்றார்.

அவள் தலையை அசைத்தாள். கிண்ணத்தைத் தட்டில் வைத்தாள். ஒரு பேரீச்சையை எடுத்துக் கொட்டையை நீக்கினாள்.

"ஆத்துல தண்ணி விட்டிருக்காங்களாமே" என்றாள்.

"ஆமா. நேத்து வந்துச்சு."

"எவ்வளவு?"

"அளக்கலை" என்றார் ஜம்ஷீத். "போய்ப் பார்த்துட்டு வந்தேன்."